மண் பாக்டீரியா வேண்டும், மண்ணைத் தட்டில் போட வேண்டுமா? சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்ற வழிகள்

மைக்ராஸ்கோப் வாங்கியாயிற்று, பாக்டீரியா வளர்க்கும் மூடி போட்ட பெட்ரி தட்டுகள் ஒரு கட்டு வந்துவிட்டன, அப்புறம் என்ன, புளோக்குக்குக் கீழே இருக்கும் புல்தரையில் ஒரு கரண்டி மண் எடுத்து வந்து தண்ணீரில் கரைத்து, தட்டில் ஜெல்லி மாதிரி உறைந்திருக்கும் அகார்மேல் தேய்த்தால் போதுமே என்றுதான் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் யாருக்கும் முதலில் தோன்றும். யூடியூப் காணொளிகளும் அப்படித்தான் காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எடுத்தவை. நம் மண் வெப்பமண்டல மண், அதில் அங்கே இல்லாத ஒரு ஆசாமி உண்டு. அதனால் சிங்கப்பூரில் இருப்பவர் எந்த மண்ணை எடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், மண்ணையே எடுக்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. என் பதில்: வீட்டில் செய்வதானால் வேண்டாம். மண்ணில் வாழும் பாக்டீரியாவைப் பிடிக்க மண்ணைத் தட்டில் போடாத வழிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றிரண்டு மண்ணைவிட நன்றாகவே கற்றுக்கொடுக்கும்.

அந்த ஆசாமியின் பெயர் பர்கோல்டேரியா சூடோமல்லை. மெலியோய்டோசிஸ் என்ற நோயைக் கொடுப்பது இதுதான். 1912இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசுவாமி என்ற இரண்டு மருத்துவர்கள் முதன்முதலாக இதைப் பற்றி எழுதினார்கள். தென்கிழக்காசியாவிலும் வட ஆஸ்திரேலியாவிலும் மண்ணிலும் சேற்று நீரிலும் இயல்பாகவே வாழ்கிற பாக்டீரியா இது. சிங்கப்பூரிலும் இருக்கிறது, ஆண்டுதோறும் நோயாளிகள் பதிவாகிறார்கள், மருத்துவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் இதுவும் ஒன்று. தோலில் இருக்கும் சின்ன வெட்டு வழியாகவோ, மூச்சு வழியாகவோ, குடிக்கிற நீர் வழியாகவோ உள்ளே போகும். நீரிழிவு இருப்பவர்களைத்தான் அதிகம் தாக்கும். நம் வீடுகளில் நீரிழிவு எவ்வளவு சகஜம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வந்துவிட்டால் சிகிச்சையும் சின்னதில்லை: ஊசி வழியாகக் குறைந்தது 10 முதல் 14 நாள் மருந்து, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மாத்திரை.

"அப்படியானால் தோட்டவேலை செய்கிறவர்கள் எல்லாம்?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். கைப்பிடி மண் ஒவ்வொன்றிலும் அது உட்கார்ந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை, கையுறை போட்டுக்கொண்டு, காலில் சரியான செருப்போ பூட்ஸோ போட்டுக்கொண்டு செடி நடுவதில் பயப்பட ஒன்றும் இல்லை. தட்டில் வளர்ப்பது வேறு விஷயம். மண்ணில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பது தட்டில் ஒரு காலனியாக, அதாவது ஒரே செல் பெருகி உண்டான புள்ளியாக, வளரும்போது அந்தப் புள்ளி ஒன்றிலேயே கோடிக்கணக்கான செல்கள் இருக்கும். மூடியைத் திறந்து, கம்பியால் கிளறி, அந்தக் கம்பியைத் தீயில் காட்டும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் பறக்கும். அந்த அறையிலேயே பாட்டி உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார். இதைத் தாண்டிச் சட்டமும் இருக்கிறது. சிங்கப்பூரின் 2005ஆம் ஆண்டு பயலாஜிக்கல் ஏஜென்ட்ஸ் அண்ட் டாக்சின்ஸ் சட்டத்தில் கட்டுப்படுத்தப்பட்ட கிருமிகளில் இதுவும் ஒன்று, அனுமதி பெற்ற இடங்களைத் தவிர வேறெங்கும் இதை வளர்க்கவோ வைத்திருக்கவோ முடியாது. தட்டில் வளர்ந்திருப்பது இதுவா வேறா என்று பார்த்த மாத்திரத்தில் உங்களால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய பயிற்சிக் குறிப்புகள் சிலவற்றில் "தட்டைத் திறந்து முகர்ந்து பாருங்கள், மண்வாசனை வந்தால் ஸ்ட்ரெப்டோமைசிஸ்" என்று இருக்கும். மழை பெய்ததும் வரும் அந்த வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள், அதை ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா உண்டாக்குகிறது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் எந்தத் தட்டையும் எந்தக் காலத்திலும் முகர்ந்து பார்க்காதீர்கள்.

சரி, மண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஒரு பாதி வழி இருக்கிறது. மண்ணைத் தடவி, தட்டைச் சுற்றிலும் டேப் ஒட்டி, அதற்குப் பிறகு அதைத் திறக்கவே திறக்காமல் வெளியிலிருந்து மட்டும் பார்ப்பது. அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கம் கல்விக்கூடங்களுக்குத் தந்திருக்கும் பாதுகாப்பு வழிகாட்டியும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது: சுற்றுப்புறத்திலிருந்து எடுத்தது என்றால் மூடியபடியே பாருங்கள், அதிலிருந்து எடுத்து மறுபடி வளர்ப்பதானால் அடுத்த நிலைப் பாதுகாப்புள்ள ஆய்வகம் வேண்டும். ஆனால் மூடிய தட்டில் என்ன கிடைக்கும்? நிறம், வடிவம், எண்ணிக்கை, அவ்வளவுதான். தனித்தனியாகப் பிரித்தெடுப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் சுவாரஸ்யமே, அது இதில் கிடையாது. அத்தோடு தட்டு கீழே விழுந்து உடைந்தால் அந்தப் பாதுகாப்பும் போச்சு. வீவக வீட்டில், சின்னப் பிள்ளைகள் ஓடும் இடத்தில், நான் இதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கறாரான விஷயம். எஸ்எஸ்இஎஃப் என்ற சிங்கப்பூர் அறிவியல் பொறியியல் போட்டியில் வென்றவர்கள் போகும், அமெரிக்காவில் நடக்கும் ஐசெஃப் என்ற அனைத்துலக அறிவியல் போட்டியின் விதிகளில், பாதுகாப்பானது என்று கருதப்படும் பாக்டீரியாவைக்கூட வீட்டில் வளர்க்கக் கூடாது என்று இருக்கிறது. மாதிரியை வீட்டில் சேகரிக்கலாம், உடனே ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஆகவே மகளின் ப்ராஜெக்டுக்கு அப்பா வீட்டில் தட்டு வளர்த்துக் கொடுத்தால் அந்த ப்ராஜெக்டுக்கே ஆபத்து. உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி எதுவாக இருந்தாலும் அங்கே இருக்கும் ஆய்வக ஆசிரியரிடம் முதலில் பேசுங்கள்.

உண்மையான மண் வேலைக்கு ஆய்வகம்தான் இடம். ஒரு கிராம் மண்ணில் பத்துக் கோடி, நூறு கோடி என்ற கணக்கில் பாக்டீரியா இருப்பதால் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று படிப்படியாக நீர்க்கவைத்து, தட்டுக்கு 30 முதல் 300 காலனி வருகிற அளவைத் தேர்ந்தெடுத்து எண்ணுவார்கள். அப்படிச் செய்தாலும் மண்ணில் இருப்பதில் மிகச் சிறிய பங்குதான், சுமார் 1 விழுக்காடு, தட்டில் வளரும். மண்ணிலிருந்து புது ஆன்டிபயாடிக் தேட வேண்டும் என்ற கனவு உங்களுக்கு இருந்தால் அதற்கும் இடம் ஆய்வகம்தான். காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் அப்படித்தான் கிடைத்தது. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணிலிருந்து பிரித்த பாக்டீரியா கொடுத்தது. 1952இல் நோபெல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது, ஷாட்ஸுக்கு இல்லை, அது ஒரு பெரிய தனிக்கதை. இப்போது டைனி எர்த் என்ற பெயரில் கல்லூரி மாணவர்கள் பல நாடுகளில் இதே தேடலைச் செய்கிறார்கள், அதுவும் வகுப்பு ஆய்வகத்தில், நோய்க்கிருமிகளுக்குப் பதிலாக அவற்றின் ஆபத்தில்லாத உறவுக்காரர்களை வைத்து. பெரியவர்கள் யாராவது இதைச் செய்ய ஆசைப்பட்டால் பகுதிநேரப் படிப்போ குறுகிய காலப் பயிற்சியோ சேர்ந்து ஆய்வகக் கதவைத் திறந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். மண் எடுக்கும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். புக்கிட் தீமா, சுங்கை பூலோ மாதிரி இயற்கைக் காப்பிடங்களிலும் பூங்காக்களிலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் எதையும் தோண்டி எடுத்துப் போகக் கூடாது.

வீட்டுக்கு வருவோம். வீட்டில் தனிக்காலனி பிரிக்கப் பழக வேண்டும் என்பவருக்கு நான் முதலில் கை காட்டுவது நாட்டோ. டான் டான் டொங்கியிலும் மற்ற ஜப்பானியப் பேரங்காடிகளிலும் கிடைக்கும் அந்த வழவழப்பான சோயாபீன்தான். அதைப் புளிக்கவைப்பது பேசிலஸ் சப்டிலிஸ், அசல் மண் பாக்டீரியா, வைக்கோலிலும் மண்ணிலும் வாழ்வது. ஜெர்மன் உயிரியலாளர் ஃபெர்டினண்ட் கோன் 1872இல் இந்தப் பெயரை வைத்து, 1876இல் அதன் ஸ்போர், அதாவது கெட்டி உறை போர்த்தித் தூங்கும் வடிவம், கொதிநீரையும் தாங்கும் என்று காட்டினார். நமக்கு உதவுவது அந்தத் தாங்கும் குணம்தான். நாட்டோவில் ஒரு பீன்ஸை எடுத்து, ஏற்கெனவே கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீரில் ஒரு சோதனைக்குழாயில் கலக்கி, அந்தக் குழாயை 80 டிகிரி நீரில் 10 நிமிடம் வைத்தால் ஸ்போர் இல்லாதவை பெரும்பாலும் செத்துவிடும், சப்டிலிஸ் ஸ்போர் பிழைத்துக்கொள்ளும். பிறகு அகாரில் நான்கு பகுதியாக, ஒவ்வொரு பகுதிக்கும் பாக்டீரியா குறைந்துகொண்டே போகும்படி, கம்பியால் கோடிழுத்துவிட்டு அறை வெப்பத்தில் விட்டுவிடுங்கள். இன்குபேட்டர் எதுவும் வேண்டாம், நம் ஊர் 30 டிகிரியே போதும், மறுநாளே மங்கலான வெள்ளையில் சுருக்கம் விழுந்த காலனிகள் தெரியும். தனியாக நிற்கும் ஒன்றை எடுத்துப் புதுத் தட்டில் மறுபடி கோடிழுங்கள், அதிலிருந்து இன்னொரு முறை. எல்லாக் காலனியும் ஒரே மாதிரி வர ஆரம்பித்தால் கை பழகிவிட்டது என்று அர்த்தம்.

நாட்டோ எனக்கு ஏன் பிடிக்கிறது என்றால், பிரிப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அகாரில் கொஞ்சம் சோளமாவு சேர்த்துத் தட்டு ஊற்றி அதில் வளரவிட்டு, பிறகு அயோடின் ஊற்றினால் தட்டு முழுக்கக் கருநீலமாகும், காலனியைச் சுற்றி மட்டும் வெளுத்த வளையம் நிற்கும். அங்கே இருந்த மாவுச்சத்தை அது தின்றுவிட்டது. பால்மாவு கலந்த தட்டில் புரதத்துக்கும் இதே விளையாட்டை ஆடலாம். சில நாள் பழைய காலனியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கம்பி கம்பியான செல்களுக்குள் ஸ்போர் பளபளக்கும். மனிதர்கள் ஒவ்வொரு நாளும் சாப்பிடுகிற பாக்டீரியா என்பதால் மனதும் நிம்மதியாக இருக்கும். ஆனாலும் தட்டில் வளர்த்ததை வாயில் வைக்காதீர்கள், வளர்ந்தது நாட்டோ பாக்டீரியாதான் என்பதற்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. குறை ஒன்று உண்டு: ஒரே ஒரு ஆள்தான் கிடைப்பார். மண்ணின் பல்வகைமையை நாட்டோவில் தேட முடியாது.

அகாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முஸ்தஃபாவிலோ எந்தப் பேரங்காடியிலோ கிடைக்கும் சர்க்கரை, நிறம் சேர்க்காத அகார் அகார் பொடி இதற்குப் போதும், லிட்டருக்கு 15 கிராம் அளவில். பக்கத்திலேயே ஜெல்லி பொடி என்று கொன்ஞாக்கும் இருக்கும், கலவைகளும் இருக்கும், அவை சரிவராது, உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஜெலட்டினும் வேண்டாம், நம் வெப்பத்தில் உருகிவிடும். நுண்ணுயிரியலின் முன்னோடி ராபர்ட் காக்கின் ஆய்வகத்திலும் இதே தொல்லைதான் இருந்தது. 1881 வாக்கில் அங்கே வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, ஜாவாவில் வாழ்ந்த ஒருவரிடமிருந்து தெரிந்துகொண்ட அகாரைச் சமையலறையிலிருந்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். ஆக உலகம் முழுக்க ஆய்வகங்களில் இன்று ஊற்றும் தட்டு நம் பக்கத்துத் தீவின் பலகாரத்திலிருந்து போனது. பாக்டீரியாவுக்குச் சத்தும் வேண்டும், அதற்கு அகாரும் சத்தும் சேர்ந்தே வரும் நியூட்ரியன்ட் அகார் பொடியாகவே வாங்கிவிடுவது நல்லது, லிட்டருக்கு 28 கிராம் என்று போட்டிருக்கும். மார்மைட் போட்டுச் செய்கிறவர்களும் உண்டு, சப்டிலிஸ் உப்பைத் தாங்கும் என்பதால் வளரவும் வளரும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும்.

நாட்டோவின் வாடை வீட்டில் பிடிக்கவில்லையா? செடிக்கடைகளில் கம்பளிப்பூச்சிக்கு விற்கும் பி.டி. மருந்து இருக்கிறது, அதாவது பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா. 1901இல் ஜப்பானில் பட்டுப்புழு நோயிலிருந்து இஷிவாட்டா கண்டுபிடித்தது. மைக்ராஸ்கோப்பில் ஸ்போருக்குப் பக்கத்திலேயே வைர வடிவப் புரதப் படிகம் தெரியும், அதுதான் பூச்சியைக் கொல்வது. இதன் இன்னொரு வகையைத்தான் இங்கே கொசுப்புழுவை அழிக்கப் பயன்படுத்துகிறார்கள். ஸ்லைடில் பார்க்க அருமை. ஆனால் உணவை நஞ்சாக்கும் பேசிலஸ் சீரியஸுக்கு மிக நெருங்கிய உறவு என்பதால் தட்டில் வளர்க்க நான் நாட்டோவைத்தான் எடுப்பேன்.

இனி வேர் முடிச்சு. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், தட்டே இல்லாமல் முடித்துவிடலாம் என்பதும் ஒரு காரணம். பயறுச் செடிகளின் வேரில் உருண்டை உருண்டையாக இருக்கும் முடிச்சுகளுக்குள் ரைசோபியம் வகை பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். மண்ணில் இருக்கும் ஆயிரக்கணக்கான வகைகளில் தனக்கு வேண்டியதை மட்டும் செடி உள்ளே விடுகிறது, வடிகட்டி மாதிரி. நீங்கள் செய்ய வேண்டிய பிரிக்கும் வேலையை அதுவே செய்துவிடுகிறது. நெதர்லாந்து நுண்ணுயிரியலாளர் பெய்ஜரிங்க் 1888இல் இப்படித்தான், முடிச்சிலிருந்து, இந்தப் பாக்டீரியாவைத் தனியாக வளர்த்தார். தேக்காவில் பச்சை வேர்க்கடலையும் பச்சைப்பயறும் தட்டைப்பயறும் கிடைக்கும், வறுத்ததை வாங்கிவிடாதீர்கள், முளைக்காது. தொட்டியில் போட்டு நான்கைந்து வாரம் வளர்த்து, கையுறையோடு மெதுவாகப் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். யூரியா மாதிரி நைட்ரஜன் உரம் போட்டால் செடி முடிச்சு வைக்கச் சோம்பல்படும், ஆகவே உரம் வேண்டாம். செடிக்கடையில் வாங்கும் சுட்ட மண்ணில் மட்டும் வளர்த்தால் முடிச்சே வராமல் போகலாம், சுட்டதில் பாக்டீரியா ஏது? பயத்தங்காய் வளர்ந்த சமூகத் தோட்டத் தொட்டி மண் கொஞ்சம் கேட்டு வாங்கிக் கலந்தால் வரும். இங்கேயும் கையுறை கட்டாயம், பையில் வரும் தொட்டிக் கலவையைத் திறக்கும்போது முகக்கவசமும் போடுங்கள், அதில் லெஜியோனெல்லா இருக்கலாம்.

முடிச்சைப் பாதியாக வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருப்பதன் தூரத்துச் சொந்தம். சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் ஓய்ந்துவிட்டது. அதை ஸ்லைடில் நசுக்கி மெத்திலீன் நீலம் போட்டு, எண்ணெய் விட்டு 1000 மடங்கில் பாருங்கள். பச்சைப்பயறில் கம்பி மாதிரி, வேர்க்கடலையில் உருண்டையாக ஊதிப்போய், ஒரே வகைப் பாக்டீரியா செடிக்குத் தக்கபடி வேஷம் மாற்றியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அப்போதுதான் தெரியும். தட்டில் வளர்க்க வேண்டுமென்றால் முடிச்சின் வெளிப்புறத்தை 70 விழுக்காடு ஆல்கஹாலிலும் பிறகு பிளீச்சிலும் கழுவி, மன்னிட்டால் அகாரில் கோங்கோ சிவப்புச் சாயம் சேர்த்து வளர்ப்பார்கள், ரைசோபியம் சாயத்தை அவ்வளவாகக் குடிக்காமல் வெளிறி நிற்கும். வேர்க்கடலை, பச்சைப்பயறு வகையறாவில் இருப்பது மெதுவாக வளரும் பிராடிரைசோபியம், ஒரு வாரம்கூட ஆகும், அந்த ஒரு வாரத்தில் வெளிப்புறத்திலிருந்து தப்பி வந்த வேறு எதுவும் முந்திக்கொள்ளலாம். வேர் மண்ணில்தானே இருந்தது, ஆகவே இந்தத் தட்டு வேலையும் ஆய்வகத்துக்கே போகட்டும். வீட்டுக்கு ஸ்லைடு போதும்.

விநோகிராட்ஸ்கி தூண் வேறு ஜாதி. இதில் எதையும் தனியாகப் பிரிக்கப் போவதில்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாட்டிலில் சேறு, கிழித்த செய்தித்தாள், முட்டை மஞ்சள்கரு அல்லது ஜிப்சம், மேலே தண்ணீர், அவ்வளவுதான். 1880களில் செர்கெய் விநோகிராட்ஸ்கி செய்துபார்த்தது. சன்னலோரம் வைத்தால் நான்கு முதல் எட்டு வாரத்தில் மேலே பச்சை, நடுவே ஊதாவும் துருநிறமும், அடியில் இரும்பு சல்ஃபைடால் கறுப்பு என்று அடுக்கு அடுக்காக வரும். மீன்தொட்டியின் அடிச்சேறே போதும், ஆற்றங்கரைக்குப் போக வேண்டியதில்லை. கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொடாதீர்கள், கையுறை போடுங்கள், பாட்டிலை இறுக்கி மூடாதீர்கள், வாயு சேரும். மதிய வெயில் நேராக அடிக்கும் சன்னல் என்றால் பாட்டில் சூடேறிக் கெட்டுவிடும், காலை வெயில் நல்லது. பிள்ளைகள் உள்ள வீட்டில், மைக்ராஸ்கோப்பே இல்லாத வீட்டில், நான் இதைத்தான் சொல்வேன்.

ஊருக்குப் போகும்போது அசோஸ்பைரில்லம், ரைசோபியம் உயிர் உரப் பொட்டலம் வாங்கி வந்துவிடலாமே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், தமிழ்நாட்டில் எந்த விவசாயக் கடையிலும் கிடைக்கிறது, விலையும் குறைவு. எண்ணம் நல்லதுதான், ஆனால் உயிருள்ள நுண்ணுயிரையும் மண்ணையும் பெட்டியில் போட்டுச் சாங்கி வழியாகக் கொண்டுவருவதற்கு அனுமதி கேட்க வேண்டியிருக்கும், கேட்காமல் கொண்டுவராதீர்கள். ஏடிசிசி மாதிரி பாக்டீரியா சேமிப்பகங்களில் ஆர்டர் செய்யலாமா என்றால், அவை நிறுவனங்களுக்குத்தான் அனுப்பும், தோ பாயோவில் உள்ள உங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்பாது.

எதை எடுத்தாலும் வேலை முடிந்த தட்டை அப்படியே குப்பைக் குழாயில் போடக் கூடாது. பழைய பிரஷர் குக்கர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, 121 டிகிரிக்குச் சமமான 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 20 நிமிடம் வைத்து எடுங்கள், அந்தக் குக்கரில் அதற்குப் பிறகு சாம்பார் வைக்கக் கூடாது. பெட்ரி தட்டின் பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் உருகும், ஆகவே வெப்பம் தாங்கும் பாத்திரத்துக்குள் வைத்தே குக்கரில் இறக்குங்கள். குக்கர் இல்லையென்றால் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தட்டு முழுக்க மூழ்கும்படி அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைக்க வேண்டும், ஆனால் பேசிலஸ் ஸ்போருக்கு அது சில சமயம் போதாது, குக்கர்தான் நம்பகமானது. பிளீச்சில் ஊறியதை ஒருபோதும் குக்கரில் வைக்காதீர்கள், குளோரின் வாயு வரும். பிறகு இரட்டைப் பையில் கட்டி, கசியவில்லை என்று பார்த்துவிட்டு, குப்பையில் போடலாம்.